தொண்ணூற்று மூன்று

நீரின் கொதிநிலை என்ன?
ஒரு மதிப்பெண் கேள்வி.
ஜோ. அனுஷா, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு,
தொண்ணூற்று மூன்று என்று எழுதியிருந்தாள்.
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
நான் தூத்துக்குடிக்காரன்,
உப்பளத்து ஓரம்
நூறில் கொதித்த தண்ணீர் குடித்து வளர்ந்தவன்.

மறுநாள் விடைத்தாளோடு வந்தாள்.
அழவில்லை. மதிப்பெண்ணும் கேட்கவில்லை.
"லேப்ல அளந்தேன் சார். அன்னிக்கு நீங்க லீவு.
கேள்வியில எங்கேன்னும் போடலையே."

ஊட்டியின் மூன்று மணி மூடுபனி
சன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க
நானே பர்னரைப் பற்றவைத்தேன்.
தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.
தீயைக் கூட்டினேன்.
தண்ணீர் குமிழ்விட்டுச் சிரித்தது,
பாதரசம் மட்டும்
சாட்சிக் கூண்டில் ஏறியவனைப் போல
சொன்ன இடத்திலேயே நின்றது.

ஆசிரியர் அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.
வரலாறு நடத்தும் பெள்ளி சொன்னார்:
"அவங்கவங்க ஊரு, அவங்கவங்க உண்மை.
உன் கடலுக்கு நூறு, எங்க மலைக்கு இது.
இதுல என்னய்யா சண்டை?"
கணக்கு டீச்சர் எஸ்தர் நோட்டிலிருந்து தலை நிமிராமல்
"அப்ப ரெண்டும் ரெண்டும்
இங்க மூணே முக்காலா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை
ஸ்கூட்டரில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
குன்னூரில் தொண்ணூற்று நான்கு.
பர்லியாரில் மங்குஸ்தான் விற்பவரும் இரண்டு குரங்குகளும் பார்த்திருக்கத்
தொண்ணூற்றேழு.
மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்துப் பின்சுவரோரம்
தொண்ணூற்றொன்பது;
பைத்தியம் என்று ஒரு கண்டக்டர் முடிவு செய்தார்.
வளைவுக்கு வளைவு எண் மாறியது.
எண்ணை மாற்றியது மாறவில்லை:
தலைமேல் கிடக்கும் காற்றின் எடை.
நீதிபதி வந்தாலும் திருடன் வந்தாலும்
நூறு என்று சத்தியம் செய்தவனே வந்தாலும்
அந்த மேட்டில் அந்தத் தண்ணீர்
அங்கேதான் கொதிக்கும்.

திங்கட்கிழமை பெள்ளியைப் பிடித்துக்கொண்டேன்.
"உண்மை ஊருக்கு ஊர் மாறும்னீங்களே,
அந்த வாக்கியம்
எத்தனை அடி உயரத்துல கொதிக்கும்?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு
பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார்.
பழைய நிலப் பதிவேடு.
தொதவர் எருமைகள் மேய்ந்த புல்மேடு;
சரிவுக்குச் சரிவு அவர்கள் பெயர் வைத்திருந்த இடம்.
அதற்கு நேரே ஒரே சொல்: தரிசு.
"இதை எந்த வெப்பமானியில அளந்தாங்க?
இதை நம்பித்தான்
சீகையும் கற்பூர மரமும் நட்டாங்க.
கீழே ஊத்து வத்திப்போச்சு."

அப்போது பார்த்து மணி அடித்தது. அவர் எழவில்லை.
"தப்புன்னு சொல்ல எனக்கும் ஒரு அளவுகோல் வேணும், தெரியும்.
அளவுகோலே இல்லைன்னா சொல்றேன்?
அது யார் கையில இருந்துச்சுன்னு கேக்கறேன்."

வற்றிய ஊற்றும் ஒரு வெப்பமானிதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சட்டைப்பையில் சிவப்புப் பேனா கனத்தது.
சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

பெருக்கல் குறியை அடித்துவிட்டு
மதிப்பெண்ணைப் போட்டு அனுஷாவிடம் நீட்டினேன்.
வாங்கிப் பார்த்தவள் போகாமல் நின்றாள்.
காது சிவந்திருந்தது, குளிராலும் இருக்கலாம்.

"சார், அரை மார்க் குறைச்சுக்குங்க.
தொண்ணூத்தி ரெண்டு புள்ளி ஆறுதான் வந்துச்சு.
நான்தான்
முழுசாக்கிட்டேன்."